பேர் பொறிக்காத வாள்

பெர்லாடி வீட்டு முற்றத்தில் அந்த ஆண்டின் கடைசிப் பாக்கு காய்ந்துகொண்டிருந்தது. மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும் என்று திம்மப்ப சௌட்டா நினைத்திருந்தார். மேற்கே கடல் பக்கமிருந்து இரண்டு நாளாக மேகம் வந்து நின்று, பார்த்துவிட்டு, கலைந்து போனது. கொட்டகையில் ஆறு பெண்கள் அரிவாள் பதித்த பலகைகளில் உட்கார்ந்து பாக்கு உரித்தார்கள். வழக்கமாக அங்கே நடக்கும் பேச்சும் சிரிப்பும் வீட்டு முன்கூடமான சாவடி வரைக்கும் வரும். மூன்று நாளாகத் தொலி கிழிபடும் சத்தம் மட்டுமே வந்தது.

அவர்களுக்கும் தெரியும். தொலைக்காட்சியில் காட்டிய பிறகு தெரியாதவர் யார்.

சாவடியில் தலைவர் உட்காரும் பலாமர நாற்காலி ஒன்று உண்டு. எழுபத்தெட்டு வயதிலும் திம்மப்ப சௌட்டா அதில் முதுகு சாய்த்து உட்கார்ந்ததில்லை. சாய்ந்து உட்கார்ந்தால் வந்தவன் கும்பிடும்போது எழுந்திருக்க நேரம் ஆகும், அது மரியாதை இல்லை என்பார். அந்தப் பக்கத்தில் வீடும் உரிமையும் பெண் வழியாக இறங்கும்; அவருடைய சொந்தப் பிள்ளைகள் அவர்கள் அம்மா வீட்டுக்கு உரியவர்கள். பெர்லாடிக்கு உரியவன் அக்கா மகன் ஜெயகரன். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவனும் அவன்தான். வக்கீலாகி, மாவட்ட நீதிபதியாகி, அதை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்று, இரண்டாம் முறை ஜெயித்தபோது மந்திரியுமானவன். ஐம்பத்தெட்டு வயது. இன்றைக்கும் சாவடிக்கு வந்தால் பாயை விரித்துக் கீழேதான் உட்காருவான்.

திங்கட்கிழமை தாராநாத ரை கடைத்தெருவில் மேடை போட்டுப் பேசினான். நாலு கல் குவாரிக்குச் சொந்தக்காரன், எதிர்க்கட்சிக்காரன். ஜெயகரன் நீதிபதியாக இருந்தபோது, குவாரி சரிந்து வடக்கேயிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் செத்த வழக்கில் அந்தக் குவாரிக்காரனை விடுதலை செய்தானே, சும்மாவா செய்தான் என்று கேட்டான். அந்த வழக்குக்காரர்களிடமிருந்து ஒரு துரும்புகூடத் தன் வீட்டுக்கு வரவில்லை என்று பெர்லாடி வீட்டுத் தெய்வம் ஜுமாதியின் முன்னால் வாளைத் தொட்டுச் சொல்லட்டும், மறுநாளே நான் அரசியலை விட்டு மீன் விற்கப் போகிறேன் என்றான்.

அரை மணி நேரத்தில் பெங்களூரில் சட்டசபை வாசலில் ஜெயகரன் பதில் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பெர்லாடி ஜுமாதி முன்னால். யார் வேண்டுமானாலும் வரலாம். மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. திம்மப்ப சௌட்டா அதைப் பார்த்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு எழுந்து கை கழுவினார். தட்டில் மிச்சம் வைத்து அவர் எழுந்ததை வாரிஜா அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வாரிஜா ஜெயகரனின் தங்கை. தோப்பும் வயலும் ஆட்களும் அவள் கைக்குள். அவள் சட்டம் படித்திருந்தால் அண்ணனைத் தாண்டியிருப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். புதன்கிழமை மத்தியானம் அவள் பின்கட்டில் சேம்பிலையை அடுக்கி மாவு தடவிக்கொண்டிருந்தாள். அவர் வந்து வாசல்படியில் நின்றார். சமையலறைப் பக்கம் அவர் வருகிறவர் அல்ல. அவள் தலை நிமிராமலே பேசினாள்.

"சொல்லப்போறீங்க, அதானே மாமா?"

அவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார்.

"சொல்லாதீங்க. அண்ணனுக்குத் தெரியாது. தெரியாம சொன்னா பொய் இல்ல."

"ஜுமாதிக்குத் தெரியுமே."

"எட்டு வருஷமா அதே வாளைப் பிடிச்சுக்கிட்டுத்தானே ஜுமாதி ஆடுது? வேண்டாம்னா அன்னைக்கே தூக்கிப் போட்டிருக்காதா? உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? அந்தம்மா போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மகன் குவாரிய வித்துட்டு மும்பைக்குப் போயிட்டான். கிளறாதீங்க."

"பொய்ச் சத்தியம் சொன்னவன் மேல நிக்காது வாரிஜா. பொண்ணு வழியில இறங்கும். உன் மகளுக்கு இப்ப எத்தனையாவது மாசம்?"

மாவு தடவிய கை நின்றது. அவள் இலைகளைச் சுருட்டி நாரால் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

"ஏழு" என்றாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. ஜெயகரன் அப்போது மலைக்கு அந்தப் பக்கத்து மாவட்டத்தில் நீதிபதி. எப்படிப்பட்ட நீதிபதி என்று திம்மப்ப சௌட்டாவைக் கேட்டால் ஒரு பொழுது போதாது. உறவில் கல்யாணம் என்றால் அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் திரும்புவான். பந்தியில் பக்கத்து இலையில் யார் உட்காருவார் என்று தெரியாதே மாமா என்பான். வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு குலை இளநீரைக் காவல் நிலையத்தில் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறான். வீட்டில் வருஷா வருஷம் நடக்கும், ஜுமாதிக்கு வேஷம் கட்டி ஆடும் நேமத்துக்கு வந்தால்கூடக் கூட்டத்துக்கு வெளியே, மாமரத்தடியில் தனியாக நின்று கும்பிட்டுவிட்டுப் போவான். இதையெல்லாம் திம்மப்ப சௌட்டா ஊரில் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களும் அவரிடமே திருப்பிச் சொல்லும்படி ஆயிற்று.

அந்த மழைக்காலத்தில் பாகீரதி என்று ஒரு அம்மாள் வந்தாள். தலையில் முக்காடு, கையில் மஞ்சள் துணியில் சுற்றிய நீளமான பொருள். குவாரிக்காரனின் தாய். ஜுமாதிக்கு வேண்டிக்கொண்டேன், கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். துணியை அவிழ்த்தால் வெள்ளி வாள். பிடியில் மணிகளும் தாமரை மொட்டும் செதுக்கியிருந்தன. தெய்வத்துக்கு வரும் வேண்டுதலை எதற்கென்று கேட்பது வழக்கம் இல்லை. வேண்டாம் என்பதும் வழக்கம் இல்லை. அவர் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். உங்கள் மருமகன் வாயால் என் மகன் வெளியே வந்தான் என்று சொல்லி அழுதாள். மலை தாண்டி இருபது கோயில் இருக்க, தேடிக்கொண்டு இந்த வீட்டுத் தெய்வத்திடம் வந்திருக்கிறாள்.

அப்போதே அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஜுமாதிக்கு வந்ததைப் பெர்லாடி வீடு மறுத்தது என்று ஆகும். ஜெயகரனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கட்டாயம் திருப்பி அனுப்புவான். இதைத்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். அவர் சொல்லிக்கொள்ளாதது ஒன்று உண்டு. மலை தாண்டி நம் ஜுமாதியின் பெயர் போயிருக்கிறதே என்று அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பிடியின் அடியில் அந்த அம்மாள் தன் பெயரையும் வருஷத்தையும் பொறித்திருந்தாள். அதை மட்டும் அழித்துக் கொண்டுவாருங்கள் என்றார். நாலு நாளில் தட்டான் தேய்த்து மழுமழுவென்று ஆக்கிக் கொடுத்தான். வாரிஜா அவளுக்கு வெல்லமும் தண்ணீரும் கொடுத்தாள். அந்த வருஷ நேமத்தில் ஜுமாதி புது வாளோடு ஆடியது. முதல் வருஷம் அந்த வெள்ளி அவர் கண்ணைக் குத்தியது. மூன்றாம் வருஷம் பழகிவிட்டது.

வியாழக்கிழமை காலை தெய்வத்தின் இடத்துக்குப் போனார். அது தோப்புக்கு நடுவில் ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். இன்னும் ஒரு வாரத்தில் அந்த வருஷத்து ஆட்டங்கள் முடியும் நாள், பத்தனாஜை. அதற்குப் பிறகு மழை முடியும் வரை அந்தக் கதவு திறக்காது. ஜுமாதிக்கு மணி அடிக்க மாட்டார்கள். தாராநாத ரை நாள் பார்த்துத்தான் சவால் விட்டிருக்கிறான். தனிய என்ற பூஜாரி உள்ளே புளி போட்டு விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். நேமத்தில் வேஷம் கட்டி ஆடுகிறவர்கள் வேறு. மற்ற நாட்களில் ஜுமாதி இறங்குவது இவர் மேல்தான். முப்பது வருஷமாக வாளைப் பிடிப்பவர். தெய்வம் இறங்காத நேரத்தில் வாய் சும்மா இருக்காது.

"தனியா, பழைய வாள் எங்க?"

"என்ன எஜமானரே இப்படிக் கேக்கறீங்க. புதுசு வந்த அன்னைக்கே பழசை ஆத்துக் கயத்துல விட்டோம். நீங்கதானே தேங்கா உடைச்சீங்க."

"இரும்புல வேற எதுவும் இல்லையா? நாளைக்கு ஒரு நாளைக்கு."

பூஜாரி விளக்கைக் கீழே வைத்தார். "கடையில வாங்கின கத்திய வெச்சா சத்தியம் வாங்குறது? அப்புறம் தாராநாத ரை அவன் வீட்டுல மீன் வெட்டுற கத்திய எடுத்துட்டு வருவான். நல்லாப் பதமா இருக்குன்னு சொல்லுவான்."

திம்மப்ப சௌட்டா சிரிக்கவில்லை. பூஜாரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரோ ஒரு அம்மா மழையில கொண்டு வந்தாங்க. வேண்டுதல்னீங்க. யாரு, எதுக்குன்னு நான் கேக்கல எஜமானரே. கேக்கக் கூடாது. இப்பவும் கேக்கல."

"கேக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வழியில் தென்னமட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. ஆளைக் கூப்பிடாமல் தானே குனிந்து எடுத்துப் போட்டார்.

மத்தியானம் ஜெயகரன் வந்தான். போலீஸ் ஜீப்பை முன்வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, கால் கழுவி உள்ளே வந்தான். கூட ஒரு உதவியாளன், காகிதக் கட்டோடு. வாரிஜா சிவப்பரிசிக் கஞ்சியும் கருவாட்டுச் சட்னியும் சேம்பிலைச் சுருளும் வைத்தாள். நாளைக்கு முந்நூறு பேருக்குச் சோறு போட வேண்டும், அரிசி போதுமா என்று அவளிடம் விசாரித்தான். திங்கட்கிழமை குவாரி மசோதா சபைக்கு வருகிறது என்று மாமாவிடம் சொன்னான். அவன் நீதிபதி வேலையை விட்டதே அதற்காகத்தான். செத்துப்போன இருவருடைய பெயர் கூலிப் பதிவேட்டில் இல்லை. ஆளே வேலை செய்யவில்லை என்று குவாரிக்காரன் சொன்னான். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. விடுதலை செய்த அன்று, தீர்ப்பைப் படித்துவிட்டு இறங்கும்போது செத்தவளின் தகப்பன் தன்னைக் கும்பிட்டான் என்றும், கும்பிட்டது ஏன் என்று இன்று வரை தெரியவில்லை என்றும் தேர்தல் கூட்டங்களில் சொல்லியிருக்கிறான். இனிமேல் பதிவேடு எழுதாத குவாரிக்காரன் தப்ப முடியாது. தாராநாத ரைக்கு அது தெரியும்.

கை கழுவிவிட்டு அவன் பாயில் உட்கார்ந்தான். திம்மப்ப சௌட்டா நாற்காலியில் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றபடியே சொன்னார். ஒன்றைத் தவிர எதையும் குறைக்கவில்லை. உதவியாளன் எழுந்து வெளியே போகப் பார்த்தான். ஜெயகரன் கையால் உட்காரச் சொன்னான்.

சொல்லி முடித்தபோது ஜெயகரன் முகம் மாறியது. கோபமில்லை. நீதிமன்றத்தில் மேலே உட்கார்ந்திருக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று திம்மப்ப சௌட்டா பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

"வேண்டிக்கிட்டது எப்ப?"

"தீர்ப்புக்கு முன்னால. ஒரு தடவை வந்து தேங்கா உடைச்சுட்டுப் போயிருக்கா. அப்ப யாருன்னு எனக்குத் தெரியாது."

"வாள் வந்தது?"

"தீர்ப்பு ஆகி ஒன்பதாம் நாள்."

"வாள்ல பேரு இருக்கா?"

"இல்ல."

"வெள்ளி வாள் குடுக்கறவங்க பேரு போடாம குடுப்பாங்களா மாமா?"

"போட்டிருந்தா. நான்தான் அழிச்சுக் கொண்டுவரச் சொன்னேன்."

ஜெயகரன் கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

கொட்டகையில் பாக்கு உரிபடும் சத்தம் கேட்டது. திம்மப்ப சௌட்டாவை யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை; இல்லை என்றும் வரவில்லை. இரண்டையும் அவன் எதிர்பார்க்கவில்லை என்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உதவியாளன் மெதுவாக வாயைத் திறந்தான். "சார், அது தெய்வத்துக்கு வந்தது. வீட்டுக்கு வரலையே. வீட்டுக்கு ஒண்ணும் வரலன்னு சொன்னா, அதுல பொய் எங்க இருக்கு?"

ஜெயகரன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். "மாமா, சொல்லுங்க இவருக்கு. என் முதல் கேஸ் என்னன்னு."

அவனே சொன்னான். கோட்டுப் போட்டு இரண்டாம் வருஷம், அறநிலையத் துறைக்காரர்கள் பெர்லாடி ஜுமாதி ஊர்ப் பொதுத் தெய்வம், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று வந்தார்கள். பெரிய வக்கீல்கள் கைவிட்ட வழக்கு. இருபத்தாறு வயதுப் பையன் எழுந்து நின்று, தெய்வமும் இந்த வீடும் ஒன்று, தெய்வத்துக்கு வந்தது வீட்டுக்கு வந்தது, நூற்றைம்பது வருஷமாக இரண்டையும் யாரும் பிரித்ததில்லை என்று வாதாடினான். தீர்ப்பு அப்படியே வந்தது. அந்த வழக்குதான் அவனை மேலே தூக்கிவிட்டது. தீர்ப்பு வந்த அன்று திம்மப்ப சௌட்டா ஊருக்கே பாயசம் போட்டார்.

"அச்சாகிப் புஸ்தகத்துல இருக்கு. என் பேரோட" என்றான் ஜெயகரன். "தாராநாத ரைக்கும் ஒரு வக்கீல் இருப்பான். அவன் படிக்கலன்னாலும் நான் படிச்சிருக்கேனே."

"அப்ப என்ன பண்ணுவ?"

"சத்தியம் பண்ண மாட்டேன்."

"உள்ளதைச் சொல்லிடு ஜெயகரா. மாமா வாங்கினாரு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. என் பேரு வரட்டும்."

"நான் சொன்னா, கிழவர் தலையில போட்டுட்டுத் தப்பிச்சான்னு சொல்லுவாங்க. சரியாத்தான் சொல்லுவாங்க. குவாரிக்காரனும் அதைத்தான் பண்ணான். மேஸ்திரி மேல போட்டான்."

"அப்ப நான் சொல்றேன்."

"வேண்டாம் மாமா" என்றான். கெஞ்சுவது போல இல்லை. கட்டளை மாதிரியும் இல்லை. "உங்க பேரும் சேர்ந்து போகும், பிரயோஜனம் இருக்காது."

சத்தியத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியவன் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார முடியாது. இதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வரை ஜெயகரன் கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து பாக்கு உரித்தான். மந்திரிக்குக் கை பழக்கம் விட்டுப்போச்சு, விரலை உரிச்சிடப் போறீங்க என்று கல்யாணி என்ற வயசானவள் கிண்டல் செய்தாள். கல்யாணி உன் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்றேன் என்று அவனும் சொன்னான். மூன்று நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே தோப்பில் கூட்டம். காமிராக்காரர்கள் பாக்கு மரத்தில் ஒயரைக் கட்டினார்கள். தாராநாத ரை பத்து வண்டியில் ஆட்களோடு வந்தான். வாரிஜாவே போய் அவனுக்கு வெல்லமும் தண்ணீரும் கொடுத்தாள். வாசலுக்கு வந்தவன் யாராயிருந்தாலும் அது உண்டு. அவனும் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். அக்கா, மழைக்கு முன்னால ஓடு மாத்தியாச்சா என்று விசாரித்தான். காற்று இல்லை. இலை ஆடவில்லை. மேற்கே வானம் கறுத்திருந்தது.

பத்து மணிக்குத் திம்மப்ப சௌட்டா வெள்ளை வேட்டி, தோளில் சரிகைத் துண்டோடு தெய்வத்தின் முன்னால் நின்றார். கூப்பிட வேண்டியவர் அவர்தான். எந்தக் காரியத்துக்குச் சபை கூடியிருக்கிறது, யார் கேட்கிறார், யார் சொல்லப் போகிறார் என்று ஜுமாதிக்குத் தெரிவித்தார். தனிய பூஜாரியின் தோள் முதலில் அசைந்தது. பிறகு உடம்பு முழுவதும் அதிர்ந்தது. பாக்குப்பூவை முகத்தில் அடித்துக்கொண்டார். வாளை எடுத்து இரண்டு கையிலும் கிடத்தி முன்னால் நீட்டினார். மணிகள் கிணுகிணுத்தன. வெயில் இல்லாத வெளிச்சத்தில் வெள்ளி பால் மாதிரி இருந்தது.

ஜெயகரன் வந்து நின்றான். கும்பிட்டான். கை வாள் பக்கம் போகவில்லை.

"நான் கூப்பிட்டுத்தான் எல்லாரும் வந்திருக்கீங்க" என்றான். "இந்த வாளைத் தொட்டு நான் சத்தியம் பண்ணப்போறதில்ல. அதுக்கான காரணத்தைச் சொல்லவும் போறதில்ல."

தாராநாத ரையே வாயைத் திறந்தபடி நின்றான். அவன் இதை எதிர்பார்த்து வரவில்லை. பின்வரிசையில் யாரோ மெதுவாக ஊளையிட்டான். அது பரவியது.

"நில்லுங்க" என்றார் திம்மப்ப சௌட்டா.

மாமா என்று ஜெயகரன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். பாகீரதி வந்த நாளிலிருந்து பெயரை அழிக்கச் சொன்னது வரை சொன்னார். வாங்கினது நான், மறைச்சது நான், நேத்து மத்தியானம் வரைக்கும் இவனுக்குத் தெரியாது என்றார். வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டுக்கு எதிராக ஒரு சொல் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. சொல்லி முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. இனி அவன் தலை நிமிர்ந்து நடப்பான் என்று நினைத்தார்.

முன்வரிசையில் ஒரு வயசானவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். தாராநாத ரை இரண்டு அடி முன்னால் வந்து குனிந்து திம்மப்ப சௌட்டாவின் காலைத் தொட்டான்.

"மாமான்னா இப்படி இருக்கணும்" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "மருமகன் வாங்கினதைத் தன் தலையில ஏத்துக்கிட்டாரு. பெர்லாடி வீட்டு எஜமானர் எதுக்கு ஒரு வாளுக்குப் பேரை அழிக்கச் சொல்லப்போறாரு? அவரைத் தெரியாதா நமக்கு? பெரியவரை இதுக்கு மேல கஷ்டப்படுத்த எனக்கு மனசில்ல."

"பொய் இல்ல" என்றார் திம்மப்ப சௌட்டா. "வாளைத் தொட்டுச் சொல்றேன்."

கையை நீட்டினார். பூஜாரியின் கைகள் வாளோடு பின்னால் போயின. மூடிய கண்களோடு, பூஜாரியின் குரலாக இல்லாத குரல் பேசியது.

"கேக்கற இடத்துல நிக்கறவனே, சொல்ற இடத்துக்கு வராத. இந்த முற்றத்துல அந்த வழக்கம் இல்ல."

உண்மைதான். சபையைக் கூப்பிட்டவர் சத்தியம் செய்வதில்லை. அவருடைய மாமா காலத்தில் இல்லை, அதற்கு முன்னாலும் இல்லை. அந்த வழக்கத்தை மீறக்கூடாது என்று இரண்டு தடவை அவரே தீர்த்துச் சொல்லியிருக்கிறார். வாரிஜாவைத் தேடினார். அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, அழாதீங்கம்மா, எங்களுக்குப் புரியுது என்றார்கள்.

பந்தி நடந்தது. சாம்பாரும் பலாக்கொட்டைப் பொரியலும் பாயசமும் முந்நூறு பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாவடிக்கு வந்து அவரைக் கும்பிட்டார்கள். அவர் எழுந்து எழுந்து பதிலுக்குக் கும்பிட்டார். உங்களை மாதிரி ஆள் இனிமேல் பிறக்க மாட்டார்கள் என்றார் ஒருவர். நான் சொன்னது நிஜம் என்று அவர் சொன்னார். ஆமாம், ஆமாம் என்று அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார் அந்த ஆள். கல்யாணி காலில் விழுந்தாள். "எஜமானரே, எங்க வாயில பொய்யே வரக்கூடாதுன்னு அடிச்சு வளர்த்தவங்க நீங்க. பிள்ளைக்காக எவ்வளவு பெரிய பொய் சொல்லிட்டீங்க" என்று அழுதாள். அவர் குனிந்து அவளை எழுப்பிவிட்டார்.

ஒரு மணிக்கு உதவியாளன் ராஜினாமாக் கடிதத்தில் ஜெயகரனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். திங்கட்கிழமை மசோதாவை யார் கொண்டு வருவது என்று கேட்டான். யாரும் கொண்டுவர மாட்டார்கள் என்று ஜெயகரன் சொன்னான். உதவியாளனை மட்டும் ஏற்றிக்கொண்டு கார் கொடியில்லாமல் போயிற்று, பின்னால் ஜீப்பும்.

அவர்கள் தோப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள், மழை வந்துவிட்டது. பத்து நாள் இருக்கிறது என்று சொன்ன மழை. பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஜெயகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பாக்கைக் கூடை கூடையாக வாரி உள்ளே கொண்டுவந்து கொட்டினான். பாதி நனைந்தது. நனைந்த பாக்கு கறுத்துவிடும். ஒன்றும் செய்ய முடியாது. எல்லாம் உள்ளே வந்த பிறகு தலையைத் துவட்டிக்கொண்டு சாவடிக்கு வந்து, பாயை விரித்து, மாமாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"நம்பலையே ஜெயகரா" என்றார் அவர். "ஒருத்தன்கூட நம்பலையே."

ஜெயகரன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பாக்குத் தொலியைப் பிரித்து எடுத்தான்.

"வாள்ல பேரு இல்ல. குடுத்தவ உயிரோட இல்ல. சொல்றவரு மாமா. நான் மேல உட்கார்ந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

அவன் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. திம்மப்ப சௌட்டா தலையசைத்தார். தோப்பில் தனிய பூஜாரி தலையில் பாளைத் தொப்பியோடு தெய்வத்தின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். பத்தனாஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் இன்றைக்கே சாத்திவிடு என்று திம்மப்ப சௌட்டாதான் சொல்லியனுப்பியிருந்தார். மழை முடிந்து அது திறக்கும்போது உள்ளே வாள் இருக்கும். வேறு வாள் இல்லை. அதை எடுத்து நீட்டச் சொல்லி, நேமத்தில் கூப்பிட வேண்டியவரும் அவர்தான். வேறு ஆள் இல்லை.

யாரோ நனைந்துகொண்டு படியேறி வந்து அவரைக் கும்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று, பதிலுக்குக் கும்பிட்டார்.